கர்ப்பகால உடை: பெரிய அளவா, மெட்டர்னிட்டி உடையா, ராப் உடையா?

வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் உடை விஷயத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன: வழக்கமான உடையையே ஓரிரு அளவு பெரிதாக வாங்குவது, வயிற்றுக்கென்று நீளும் துணி வைத்துத் தைத்த மெட்டர்னிட்டி உடைகளை வாங்குவது, முன்புறம் மடித்து நாடாவால் கட்டும் ராப் உடைகளுக்கு மாறுவது. மூன்றையும் அணிந்து பார்த்து ராப் உடையையே தேர்ந்தெடுத்தவள் என்பதால், என் சாய்வு அதன் பக்கமே இருக்கும். பருத்தி நல்லது, இறுக்கம் ஆகாது என்பவை எல்லோரும் அறிந்தவையே.

பெரிய அளவு உடையில் செலவு குறைவு. ஆனால் வளர்வது வயிறும் மார்பும்தானே தவிர, தோள் அல்ல. ஆகவே தோள் தையல் கைக்கு இறங்கி, கழுத்து அகன்று, முன்பக்க விளிம்பு மட்டும் வயிற்றின்மேல் ஏறிக் குட்டையாகி, இரவல் வாங்கி உடுத்தியதைப் போன்ற தோற்றமே மிஞ்சுகிறது. வீட்டுக்குள் அணிய அது போதும்.

மெட்டர்னிட்டி உடையில் முன்பக்கத்தை நீளமாக வெட்டி, பக்கத் தையலில் சுருக்கம் வைத்து இக்குறையைத் தீர்த்துவிடுகிறார்கள். பேன்ட்டைப் பொறுத்தவரை அதற்குப் போட்டியே இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வயிற்றை மூடும் பட்டையைவிட வயிற்றுக்குக் கீழே நிற்கும் பட்டை இதமாக இருக்கக்கூடும். பராமரிப்புதான் சற்றுத் தொல்லை: அந்தப் பட்டையின் நீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டேன் இழை, அதிகச் சூட்டிலும் குளோரின் ப்ளீச்சிலும் தளர்ந்துவிடுவதால், நடக்க நடக்கப் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க நேரிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஓர் உடை எத்தனை காலம் உடன்வரும் என்ற கேள்விதான். ஏறத்தாழ 20ஆம் வாரத்தில் தொப்புள் மட்டத்தில் இருக்கும் கருப்பையின் மேல்விளிம்பு, 36ஆம் வாரத்தில் மார்பெலும்பின் கீழ்முனையை நெருங்குகிறது; பிரசவத்துக்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே சுமார் 6 வாரங்கள் ஆகும். இந்தக் காலம் முழுவதும் உடம்புக்கு நிலையான அளவென்று ஒன்று இல்லாதபோது, அளவைத் தையல்காரர் முடிவுசெய்வதைவிட அன்றன்று நாடா முடிவுசெய்வதே வசதி. மார்புக்குச் சற்றுக் கீழே, வயிறு தொடங்கும் இடத்துக்கு மேலே கட்டினால் தோள் பொருத்தமாக நிற்கும், துணி அழகாக விழும், வயிற்றில் எதுவும் அழுத்தாது. பாலூட்டும் மாதங்களிலோ முன்புற மடிப்பை விலக்கினாலே போதும். மெட்டர்னிட்டி உடைகளில் பாலூட்டும் திறப்பு வைத்தவை இருந்தாலும், அதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

ராப் உடைக்கும் குறை உண்டு. வயிறு வளர வளர மடிப்பின் அகலத்தை அது தின்றுவிடுவதால், வாங்கும்போது மேல்மடிப்பு எதிர்ப்பக்கத் தையல்வரை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தொடைப்பக்கம் விலகுவது அப்போதே தெரிந்துவிடும். உள்நாடாவும் ஒரு பிரஸ் பட்டனும் இருந்தால் காற்றடிக்கும் நாளிலும் கவலையில்லை.

இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்களுக்கும், நாள்முழுதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர்களுக்கும் இது எவ்வளவு ஒத்துவரும் என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது. அத்தகைய வேலைக்கு நல்ல மெட்டர்னிட்டி பேன்ட் ஒன்றும், அதன்மேல் இடுப்பளவு ராப் மேலாடையும் பொருந்தலாம் என்றே நினைக்கிறேன்.