ஒன்றா, எட்டா, மூன்றா? ஆர்.எஃப். தோல் இறுக்கத்துக்கு எத்தனை சிட்டிங், எவ்வளவு இடைவெளி

"தை முகூர்த்தம் வச்சிருக்கோம் சிஸ்டர். அதுக்குள்ள இந்தத் தாடையை எத்தனை சிட்டிங்ல ஏத்திடலாம்?"

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டது இது. கையில் மூன்று இடங்களில் வாங்கிய விலைத்தாள்கள். ஒன்றில் ஒரே சிட்டிங், அதோடு முடிந்தது. இன்னொன்றில் வாரம் ஒன்று வீதம் எட்டு. மூன்றாவதில் மாதம் ஒன்று வீதம் மூன்று. மூன்றிலும் தலைப்பு ஒன்றுதான்: ஆர்.எஃப். தோல் இறுக்கம், அதாவது ரேடியோ அலையால் (ரேடியோ ஃப்ரீக்வென்சி) சூடேற்றித் தொய்ந்த தோலை இறுக்கும் சிகிச்சை. ஒரே பெயருள்ள சிகிச்சைக்கு ஒன்று, எட்டு, மூன்று என்று எண்ணிக்கை மாறினால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

தோல் சிகிச்சை அறையில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு சங்கடம். பல இடங்களில் தோலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே பேக்கேஜ் போடுகிறவர் எண்ணிக்கையை முடிவு செய்துவிடுகிறார். அந்த அம்மாவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு அதற்கு. ரேடியோ அலை தோலுக்குள் போகும்போது திசுவின் மின்தடையால் உள்ளே சூடு பிறக்கிறது. அந்தச் சூடு ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியஸைத் தொட்டால் புரிகள் அவிழ்ந்து கொலாஜன் சுருங்கும். அதை உடம்பு ஒரு காயமாக எடுத்துக்கொள்கிறது. முதல் சில நாட்கள் அழற்சி. பிறகு சில வாரங்கள் புதுக் கொலாஜன் உருவாகும் காலம். அதற்கப்புறம் மெல்லிய இழைகள் போய்த் தடித்த இழைகள் வந்து அடுக்கி இறுகும் காலம். இந்தக் கடைசிக் கட்டம்தான் மாதக்கணக்கில் நீளும். ஆழமாகச் சூடேற்றிய சிகிச்சையின் பலனைப் பார்க்க 2 முதல் 6 மாதம் ஆகும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சிட்டிங் முடிந்த அன்று மாலை கண்ணாடியில் தெரியும் இறுக்கத்தில் பெரும்பகுதி நீர்வீக்கம். அது இரண்டொரு நாளில் வடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு மறுவாரமே அடுத்த பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எத்தனை சிட்டிங் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எவ்வளவு ஆழத்தில், எத்தனை டிகிரி சூடு என்பது. அது தெரிந்தால் எண்ணிக்கையும் இடைவெளியும் பின்னாலேயே வந்துவிடும்.

ஒரே சிட்டிங் வகை

இதில் பழையதும் அதிகம் ஆராயப்பட்டதும் தெர்மாஜ் என்ற கருவி. ஒற்றைமுனைக் கருவி, முதுகிலோ தொடையிலோ ஒரு பட்டையை ஒட்டி, முகத்தில் வைக்கும் டிப்பிலிருந்து மின்சாரம் அந்தப் பட்டைக்குப் போகும். மேல்தோலை அவ்வப்போது குளிர்வித்துக்கொண்டே அடித்தோலைச் சூடாக்குவார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-ல் கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கத்துக்கும், 2004-ல் முழு முகத்துக்கும் இதற்கு அனுமதி கொடுத்தது.

எண்ணிக்கையைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு இந்தக் கருவியின் தொடக்கக் காலக் கதை ஒரு நல்ல பாடம். ஆரம்பத்தில் அதிக சக்தியை வைத்து ஓரிரு முறை மட்டும் தடவினார்கள். வலி தாங்க முடியவில்லை. சிலருக்குக் கொழுப்பு கரைந்து கன்னத்தில் குழி விழுந்தது. பிறகு சக்தியைக் குறைத்து, ஒரே இடத்தில் பல சுற்றுப் போகும் முறைக்கு மாறினார்கள். 'சூடு எவ்வளவு தெரியுது?' என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் கேட்டு, 2-ஐ ஒட்டி நிறுத்துவார்கள். சுமார் 5,700 சிகிச்சைகளைத் தொகுத்து 2007-ல் வெளியான மருத்துவர் கணக்கெடுப்பில், பழைய முறையில் வலி தாங்கவில்லை என்றவர்கள் 45 சதவீதம், புதிய முறையில் 5 சதவீதம். ஆறு மாதம் கழித்து இறுக்கம் தெரிந்தவர்கள் 54 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக ஏறினார்கள். கருவியைப் பயன்படுத்திய மருத்துவர்களே சொன்ன கணக்கு என்பதால் 92-ஐ அப்படியே நம்ப நான் தயாரில்லை. ஆனாலும் திசை தெளிவு. ஒரே அடியாகச் சூட்டை ஏற்றுவதைவிட, தாங்கக்கூடிய சூட்டைப் பல சுற்றாகப் பிரித்துக் கொடுத்தபோது பலன் கூடியது, கெடுதல் குறைந்தது.

ஆக, இங்கே சிட்டிங் ஒன்றுதான் என்றாலும் அந்த ஒன்றுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான ஷாட்டுகள்; டிப்பை ஒருமுறை வைத்துச் சூடு விடுவது ஒரு ஷாட். விலைத்தாளில் 'ஒரு சிட்டிங்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. முழு முகத்துக்கு எத்தனை ஷாட் என்று கேளுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய டிப்பை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. புது டிப்பை உங்கள் கண்முன்னே உறை பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே டிப்பை இருவருக்குப் பங்கு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது அரை சிட்டிங்.

இதைத் திரும்பச் செய்ய வழக்கமான இடைவெளி ஓராண்டு, அல்லது அதற்கும் மேல். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாவது மாதமே மறுபடி கேட்பவர்கள் உண்டு. அப்போது கொலாஜன் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆறாம் மாதப் படத்தைப் பார்க்காமல் இரண்டாவது சிட்டிங்குக்குச் சம்மதிக்காதீர்கள்.

வாரம் ஒன்று வகை

மின்முனைகள் எல்லாம் முகத்தில் வைக்கும் பகுதியிலேயே இருக்கும் இருமுனை, பல்முனைக் கருவிகளும், டிப்பை நகர்த்திக்கொண்டே இருக்கும் சில ஒற்றைமுனைக் கருவிகளும் இதில் வரும். மேல்தோலின் வெப்பத்தை 40 முதல் 42 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடம் அதே சூட்டில் நிறுத்துவார்கள். மசாஜ் போலத்தான் இருக்கும். மரத்துப்போக கிரீம் வேண்டாம், முடித்துவிட்டு நேரே வேலைக்குப் போகலாம்.

இந்தச் சூடு கொலாஜனைச் சுருக்கும் அளவுக்குப் போவதில்லை. கொலாஜன் உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடும் அளவோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தூண்டலும் சிறியது என்பதால் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ இடைவெளி விட்டு 4 முதல் 8 வரை, அதன்பின் சில மாதங்களுக்கு ஒன்று என்பது வழக்கமான அட்டவணை. ஆழமான காயம் இல்லாததால் வாரம் ஒன்று என்பது தோலுக்குப் பாரமில்லை.

இதில் என் மனத்தாங்கல் இரண்டு. ஒன்று, 42 டிகிரி வந்ததா என்று யாரும் அளப்பதில்லை. கருவியிலேயே உணரி இல்லாவிட்டால் அகச்சிவப்பு வெப்பமானி பக்கத்தில் இருக்க வேண்டும். இதமான சூட்டில் எட்டு வாரம் தடவிக்கொண்டு, 'எனக்கு வேலை செய்யல' என்று போகிறவர்களில் பலருக்குச் சிகிச்சையே நடக்கவில்லை என்பது என் கணிப்பு. இரண்டு, வராத வாரங்கள். ஆறு சிட்டிங்கை நாலு மாதத்தில் இழுத்து முடித்தால் தூண்டல் ஒன்றன்மேல் ஒன்று சேராமல் போகும். கைக்குழந்தை, வெளியூர் வேலை என்று இருப்பவர்கள் இந்த வகைக்குள் போகாமல் இருப்பதே நல்லது. ஒரு சிட்டிங்குக்கு விலை குறைவு என்று தோன்றும். எட்டு முறை ஆட்டோவும் அரைநாள் லீவும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

மாதம் ஒன்று வகை

இது ஊசி ஆர்.எஃப். மெல்லிய ஊசிகள் அரை மில்லிமீட்டர் முதல் மூன்றரை மில்லிமீட்டர் வரை, சில கருவிகளில் அதற்கும் ஆழமாக இறங்கி, அங்கேயே சூட்டை விடும். தொய்வோடு பருத்தழும்பும் இருந்தால் மற்ற இரண்டையும்விட இதற்கே முதலிடம் கொடுப்பேன். 4 முதல் 6 வாரத்துக்கு ஒன்றாக மூன்று, சிலருக்கு நாலு. இடைவெளிக்குக் காரணம் எளிது: குத்திய இடம் ஆறி, அழற்சி அடங்கி, புதுக் கொலாஜன் உருவாகத் தொடங்கிய பிறகே அடுத்த குத்து. அதற்கு முன்னால் குத்தினால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கிளறுவது போலத்தான்.

நம் மாநிறத் தோலுக்கு இந்த இடைவெளியை இன்னும் நீட்டுவது நல்லது என்பது என் அனுபவம். ரேடியோ அலை லேசரைப் போல நிறமியைத் தேடிப் போவதில்லை. கருத்த தோலுக்கு ஆர்.எஃப். பொருந்துகிறது என்று சொல்வது உண்மைதான். ஆனால் ஊசி மேல்தோலைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அழற்சி அடங்காவிட்டால் குத்திய இடமெல்லாம் கரும்புள்ளியாகத் தங்கும். நுனியில் மட்டும் சூடு விடும்படி உறையிட்ட ஊசி மேல்தோலைக் காக்கும். எந்த ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய சிட்டிங்கின் தடம் ஒன்று கன்னத்தில் மிச்சமிருந்தாலும் அட்டவணையில் இருக்கும் தேதியை மறந்துவிடுங்கள். ஆறு வாரம் எட்டு வாரமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஏற்கெனவே மங்கு இருப்பவர்களுக்குச் சூடு அதைக் கிளப்பிவிடலாம் என்பதால், மூன்று வகையிலும் முதல் சிட்டிங்கைக் குறைந்த சக்தியில் செய்து ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்வேன்.

2025 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஊசி ஆர்.எஃப். பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் என்று புகார்கள் வந்திருந்தன. ஒல்லியான முகக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கன்னத்தில் இருக்கும் கொஞ்சக் கொழுப்பும் போய்விட்டால் முகம் இன்னும் வயதானது போலத் தெரியும். போன கொழுப்பு தானாகத் திரும்பாது. அவர்களுக்கு மூன்று என்று எழுதியிருந்தாலும் ஒன்றோடு நிறுத்தி மூன்று மாதம் பார்ப்பதே பத்திரம். வலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரீம் தடவிவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் தாங்கலாம். உதட்டோரக் கொப்புளம் அடிக்கடி வருகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால்

தை முகூர்த்தம் என்றால், ஒரே சிட்டிங் வகையின் முழுப் பலன் மேடையில் தெரிய ஆடியிலேயே செய்திருக்க வேண்டும். கல்யாணமே இல்லாத மாதம்; கிளினிக்கில் கூட்டமும் இருக்காது. ஊசி ஆர்.எஃப். என்றால் ஆடிக் கடைசியில் தொடங்கி, மூன்றாவது சிட்டிங் ஐப்பசி முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது. கடைசி ஊசிக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே மூன்று மாதம் இருந்தால்தான் பலன் கொஞ்சமாவது கூடிவரும். சிவப்போ தடமோ இருந்தாலும் மறைந்துவிடும். கார்த்திகைக் கடைசியில் வருபவருக்கு மிச்சமிருப்பது வாரம் ஒன்று வகை மட்டும். அதுவும் நலங்குக்குப் பத்து நாள் முன்னால் முடித்துவிட வேண்டும்.

எந்த வகையானாலும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் ஆர்.எஃப். பக்கமே போகக் கூடாது. இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும்: முப்பது நாற்பது கிலோ எடை குறைத்து, கழுத்திலும் வயிற்றிலும் தோல் மடிந்து தொங்குபவர்கள். ஒன்று, எட்டு, மூன்று, எதுவும் அவர்களுக்குப் போதாது. அங்கே தேவை அறுவை சிகிச்சை மருத்துவரின் யோசனை. இருபது சிட்டிங் விற்கிறவர் அவர்கள் நம்பிக்கையையும் சேமிப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மூன்றில் ஒன்றை எனக்காக நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால்? நாற்பதுகளில், தாடைக் கோடு லேசாகக் கலையும் முகத்துக்கு, அவசரம் இல்லாதபோது, ஒரே சிட்டிங். தழும்பும் சேர்ந்திருந்தால் ஊசி. வாரம் ஒன்று வகையை, விசேஷத்துக்கு முன்னால் கிடைக்கும் தற்காலிகப் பொலிவு என்ற அளவில்தான் மதிக்கிறேன். அதன் ஆதாரமும் மற்ற இரண்டின் அளவுக்கு வலுவாக இல்லை.

எதுவானாலும் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே கோணம், பொட்டும் மேக்கப்பும் இல்லாத முகம் என்று முதல் நாளும் பிறகு மாதம் ஒருமுறையும் படம் எடுங்கள். தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கு மெல்ல வரும் மாற்றம் தெரியாது. இல்லாத மாற்றம் இருப்பதாகவும் தோன்றும்.

அந்த அம்மாவுக்கு வாரம் ஒன்று வீதம் ஐந்து செய்தோம், வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கல்யாண ஆல்பத்தில் முகம் தெளிவாக இருந்தது. பங்குனியில் எடுத்த படத்தில் தாடை ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அதையும் அவரிடம் மறைக்கவில்லை. ஆடி பிறந்ததும் அவரே போன் பண்ணினார். "இப்ப வீட்டுல ஒரு விசேஷமும் இல்ல சிஸ்டர். அந்த ஒரே சிட்டிங்கைப் போட்டுட்டு, தை வரைக்கும் கேள்வியே கேக்காம இருக்கேன்."