லுவார், தோர்தோஞ், தென் பர்கண்டி: ரோடு பைக்குக்கு உகந்த பிரெஞ்சு நாட்டுப்புறம் எது?

பிரான்சில் பெரிய மலையேற்றம் எதுவும் இல்லாமல், பழைய ஊர்களின் ஊடாகச் சில நாட்கள் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவர்கள் முன் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: லுவார் பள்ளத்தாக்கு, தோர்தோஞ் பள்ளத்தாக்கு, பர்கண்டியின் தென்பகுதி. பாரிஸ் புறநகரில் வசிக்கும் எனக்கு மூன்றுமே ரயிலில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் உள்ளவை. மூன்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகு, விடுமுறை கிடைத்தால் யோசிக்காமல் நான் டிக்கெட் எடுப்பது தென் பர்கண்டிக்குத்தான். அழகில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல இவை. என் தேர்வுக்கு முதன்மையான காரணம், சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தரை.

இங்கே பேசுவது 25 முதல் 28 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர் போட்ட ரோடு பைக்கைப் பற்றி. 35 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயர் கொண்ட சுற்றுலா சைக்கிளிலோ வாடகை சைக்கிளிலோ போகிறவர்களுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாக மாறலாம்.

லுவாரைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. நெவேர் நகருக்கு அருகில் அலியே ஆறு வந்து கலக்கும் இடத்திலிருந்து அட்லாண்டிக் கரை வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளும் ‘லுவார் ஆ வேலோ’ தடம், பிரான்சின் சைக்கிள் தடங்களில் மிகவும் புகழ்பெற்றது. ஷாம்போர், அம்புவாஸ், விலாந்திரி என்று அரண்மனைகள் வரிசையாக வருகின்றன. வழிகாட்டிப் பலகைகள் தவறுவதில்லை. சைக்கிள் பயணிகளை வரவேற்கும் சான்று பெற்ற விடுதிகள் தடத்தை ஒட்டியே கிடைக்கின்றன, கோடையில் கூடுதல் சைக்கிள்களை ஏற்றிச்செல்லும் ரயிலும் ஆற்றோரமாகவே ஓடுகிறது. சோமூருக்கு அருகில் சூசே என்ற சிற்றூரில் வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த தெருவுக்குள்ளேயே தடம் நுழைந்து வெளிவருகிறது. ஒருபுறம் பாறைச் சுவர், அதில் வெட்டிய கதவுகளும் சன்னல்களும், கோடை வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உடலில் படும் குளிர்ச்சி ஆகியவற்றுக்காக மட்டுமே அங்கே இன்னொரு முறை போகலாம்.

ஆனால் அந்தத் தடம் ஒரே சீரான தரையில் அமைந்ததல்ல. வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரைகளின் மேல் செல்லும் தார்ச்சாலை, ஊர்களுக்கு இடையே உள்ள கிளைச்சாலை, மண்ணும் பொடிக்கல்லும் கலந்து இறுக்கிய பாதை என்று மாறி மாறி வருகிறது. இறுக்கிய பாதை காய்ந்திருக்கும்போது வெளிறிய தூசியாக எழுந்து, எண்ணெய் போட்ட சங்கிலியில் மாவு போல ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் அதே தூசி கூழாகி பிரேக் கட்டைக்கும் விளிம்புக்கும் இடையில் அரைபடும். மெல்லிய டயர் அதில் மூழ்கிவிடாது என்றாலும், திருப்பங்களில் முன்சக்கரம் நாம் நினைத்த கோட்டில் நிற்காது. அரை நாள் இப்படி ஓட்டினால் கவனம் முழுவதும் முன்னால் உள்ள மூன்று மீட்டர் தரையிலேயே தங்கிவிடுகிறது; ஆற்றையும் மணல்திட்டுகளையும் பார்க்கவே வந்தவருக்கு இது பெரிய இழப்பு. இதைத் தவிர்க்க நினைத்து எதிர்க்கரையின் பெரிய சாலைக்கு மாறினால் லாரிகளோடு ஓட்ட வேண்டியிருக்கும். கடலை நோக்கிப் போகும்போது பெரும்பாலும் மேற்குக் காற்று எதிரே வீசுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆன்ஷேக்குக் கீழே, நான்த் நோக்கிய பகுதியில் நான் ஓட்டியதில்லை. ஆகவே இந்தக் குறை ஓர்லியானுக்கும் ஆன்ஷேக்கும் இடைப்பட்ட தொலைவைப் பற்றியது மட்டுமே.

தோர்தோஞ், ஊர்களின் அழகை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றிலும் முதலாவது என்று தயங்காமல் சொல்வேன். செங்குத்தான பாறைக்கு அடியில் ஒண்டி நிற்கும் லா ரோக் கஜாக், குன்றின் விளிம்பில் 1281-இல் எழுந்த மதில் நகரமான தொம், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரில் ஆற்றுக்கு இரு கரைகளிலும் எதிரெதிராக நின்ற பேனாக், கஸ்தெல்னோ கோட்டைகள் ஆகிய அனைத்தும் ஒரே நாள் ஓட்டத்துக்குள் அடங்கிவிடும். தரையும் தார்தான். அங்கே என்னைத் தயங்கவைத்தது சாலையின் அகலம். ஆற்றையும் பாறையையும் நெருக்கிச் செல்லும் டி 703 சாலையில் ஒதுங்குவதற்கு ஓரமே இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கார்களும் வீட்டு வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். பேனாக் ஊரைச் சுற்றிச் செல்ல ஒரு புறவழிச்சாலை தொடங்கப்பட்டு, ஆற்றுக்குள் பாலத் தூண்கள் எழுந்த நிலையில், 2018 டிசம்பரில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தப் பணியை நிறுத்தியது. அதன் பின் கட்டியதை இடிக்கவும் தீர்ப்பு வந்தது. அந்த நிலப்பரப்பைக் காப்பதற்காகப் போராடியவர்களின் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவாகப் போக்குவரத்து முழுவதும் பழைய தெருவிலேயே தொடர்கிறது என்பதும், சைக்கிளில் போகிறவர் அதற்குள்தான் போக வேண்டும் என்பதும் உண்மை. பக்கத்துச் சார்லா நகரத்திலிருந்து கார்சாக் வழியாக, பழைய ரயில்பாதையின் மேல் அமைந்த நல்ல தார்ப்பாதை ஒன்று உண்டு. அது கோட்டைகள் இருக்கும் பக்கம் போகவில்லை. நான் அங்கே ஓட்டியது கோடையில் மட்டும். மே மாதத்திலோ செப்டம்பர் இறுதியிலோ போனவர்களின் அனுபவம் இதைவிட நன்றாக இருக்கக்கூடும்.

தரையைப் பற்றிப் பேசும்போது, மூன்று பகுதிகளுக்கும் பொதுவான ஒரு பராமரிப்பு முறையையும் சொல்லியாக வேண்டும். பிரான்சின் மாவட்டச் சாலைகளைக் கோடையில் புதுப்பிக்கும்போது, தார்க்கலவையைத் தெளித்து அதன் மேல் பொடி ஜல்லியைக் கொட்டி உருளையை ஓட்டுவார்கள். மீதி ஜல்லி அழுந்துவது ஓடும் வண்டிகளின் சக்கரத்தால்தான். ‘கிராவியோன்’ என்று எழுதிய பலகை தென்பட்டால் அடுத்த சில கிலோமீட்டருக்கு உதிரி ஜல்லி இருக்கும் என்று பொருள். கார் சக்கரங்கள் ஓடிய இரண்டு தடங்கள் மட்டும் சுத்தமாகவும், நடுவிலும் திருப்பத்தின் வெளிவிளிம்பிலும் ஜல்லி குவிந்தும் கிடக்கும். இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்திவிட்டால் சக்கரம் வழுக்கிவிடும். தார் பிசுக்கோடு டயரில் ஒட்டிய கற்களை உடனே நின்று நகத்தால் கிள்ளி எடுக்காவிட்டால், அவை ரப்பரைத் துளைத்து உள்ளே இறங்கும். எனவே, ஜல்லி போட்ட சாலை எதிர்ப்பட்டால் விலகிப்போக இன்னொரு நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறதா என்பதே ஒரு பகுதியை நான் எடைபோடும் அளவுகோல். இந்த இடத்தில்தான் தென் பர்கண்டி மற்ற இரண்டையும் முந்திவிடுகிறது.

காரணம், அந்தப் பகுதிக்கு ஒரு முதுகெலும்பு உண்டு. ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை, ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதையின் மேல் 44 கிலோமீட்டருக்கு அமைத்த ‘வுவா வேர்த்’ எனப்படும் பசுமைவழி 1997-இல் திறக்கப்பட்டது. நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது இது. முழுவதும் தார். ரயிலுக்காகச் சமன்செய்த நிலம் என்பதால் ஏற்றம் இருப்பதே கால்களுக்குத் தெரியாது. வடக்கே போன் நகரத்திலிருந்து சாந்தனே வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு, பொமார், வோல்னே, மெர்சோ, புலிஞி என்று திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் தடம் இருக்கிறது. அங்கிருந்து ஷாஞி போய், கால்வாய்க் கரையோரமாக ஷாலோன் வந்து, ஜிவ்ரியில் பசுமைவழியைப் பிடிக்கலாம். பசுமைவழிக்கு இணையாகவே டி 981 சாலையும் புஸ்ஸி, சேன்-ஜாங்கூ, கோர்மத்தான், தேஸே வழியாக க்ளுனிக்குப் போவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்த ஊரிலும் மாறிக்கொள்ளலாம்.

பசுமைவழியிலும் குறைகள் உண்டு. குறுக்கே சாலை வரும் இடத்திலெல்லாம் தடுப்பு வைத்திருப்பதால் வேகம் குறைக்க வேண்டும்; சில இடங்களில் மரவேர் தாரை மேலே தூக்கிவிட்டிருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளும் நடப்பவர்களும் சறுக்குச் சக்கரக்காரர்களும் நிறைந்திருப்பார்கள், அவர்களுக்கு இடையே வேகமாக ஓட்டுவது முறையல்ல. வடக்கே திராட்சைத் தோட்டங்களுக்கு இடையிலான பாதையில் கான்கிரீட் பட்டைகளின் இணைப்புகள் கையை உலுக்கும். மழைக்குப் பின் சரிவிலிருந்து மண்ணும் கல்லும் இறங்கியிருக்கும், அறுவடைக் காலத்தில் உயரமான டிராக்டர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனாலும் இவை முன்கூட்டியே தெரிந்த, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வரும் இடைஞ்சல்கள்.

நான் செய்வது, பசுமைவழியைப் போகவும் திரும்பவும் மட்டும் வைத்துக்கொண்டு, நாளின் நடுப்பகுதியைக் கிளைச்சாலைகளில் கழிப்பது. கோர்மத்தானில் விலகி டி 14-இல் கிழக்கே திரும்பினால், 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் உயர்ந்த மணிக்கோபுரத்தோடு ஷாபேஸ் வரும். அதன் பிறகு, ஏறுவதற்குச் சிரமமில்லாத ஏற்றம் ஒன்று பிரான்சியோன் கணவாய்க்குக் கொண்டுசேர்க்கும். சாலையை விட்டுச் சற்று மேலே, கோட்டையும் சந்தைக்கூடமும் கற்கூரைகளுமாகப் பிரான்சியோன் இடைக்கால ஊராகவே நிற்கிறது. மறுபுறம் ஓஸ்னே வழியாகத் தூர்னூ வரை நீண்ட இறக்கம். உலர்கற்சுவர்களுக்கு அப்பால் வெண்ணிற ஷரோலே மாடுகள் மேயும், கார் எப்போதாவது ஒன்று கடந்துபோகும். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற சட்டத்தை இங்குள்ள ஓட்டுநர்கள் மதித்து நடப்பதையே கண்டிருக்கிறேன்.

வரலாற்றிலும் இந்தப் பள்ளத்தாக்கு ஏழையல்ல. 910-இல் நிறுவப்பட்ட க்ளுனி கிறித்தவத் துறவிகள் மடத்தில் மூன்றாவதாகக் கட்டிய தேவாலயம், ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகிலேயே பெரியதாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதைக் கல்லுக்காக இடித்து விற்றார்கள். எஞ்சி நிற்கும் தெற்குக் குறுக்குக்கூடத்துக்குள் போய், எண்கோணக் கோபுரத்தின் கீழ் தலையை உயர்த்திப் பார்த்தால்தான் இழந்ததன் அளவு புரிகிறது.

தண்ணீரும் உணவும் மூன்றிலும் ஒரே நிலைதான். சிற்றூர்க் கடைகள் நண்பகலில் மூடிவிடும். திங்கட்கிழமை ரொட்டிக்கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. குப்பியை நிரப்ப ஊர்க் கல்லறைத்தோட்டத்துக் குழாய் உதவும், குடிக்கத் தகாது என்ற பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயிலைப் பொறுத்தவரை, திஜோனுக்கும் லியோனுக்கும் இடையே ஓடும் பிராந்திய ரயில்கள் போன், ஷாஞி, ஷாலோன், தூர்னூ, மாக்கோன் ஆகிய ஊர்களில் நிற்பதால், மழை வந்தாலும் கால் தளர்ந்தாலும் பயணத்தை எந்த இடத்திலும் முடித்துக்கொள்ளலாம்.

திசை என்று கேட்டால் வடக்கிலிருந்து தெற்காகப் போவதையே சொல்வேன். ‘பீஸ்’ எனப்படும் வறண்ட வடகாற்று வீசும் நாட்களில் அது முதுகைத் தள்ளிக்கொடுக்கும். க்ளுனியைத் தாண்டி மாக்கோன் நோக்கித் தொடரும் பசுமைவழியில் வரும் புவா-கிளேர் சுரங்கம் 1.6 கிலோமீட்டர் நீளம், உள்ளே விளக்கு உண்டு, கோடையிலும் மேல்சட்டை வேண்டிய அளவு குளிர். வௌவால்களுக்காக அக்டோபர் நடுவிலிருந்து குளிர்காலம் முடியும்வரை அதை மூடிவிடுவார்கள் என்பதால், அந்த மாதங்களில் போகிறவர்கள் சுரங்கத்துக்கு மேலுள்ள கணவாயை ஏறிக் கடக்கக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.