ஃபோல்டுஸ்கோப்: புளியம் பொருக்குக்கும் மக்கிய கட்டைக்கும்

பள்ளி மைக்ராஸ்கோப்பை மரத்தடிக்குத் தூக்கிப் போக முடியாது. ஃபோல்டுஸ்கோப் என் கைப்பையிலேயே கிடக்கிறது, இரண்டு மழைக்காலமாக. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட காகித மைக்ராஸ்கோப் இது. தாளை மடித்துச் செருக வேண்டும். மிளகைவிடச் சின்னக் கண்ணாடி உருண்டைதான் லென்ஸ். 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

முதலில் கொல்லைப் புளியமரத்தின் காய்ந்த பொருக்கைக் கிண்ணத்தில் ஊற வைத்தேன். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றியது என் தவறு, எதுவுமே அசையவில்லை. அடுத்த தடவை மழைத்தண்ணீர். மறுநாள் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், அவரை விதை வடிவத்தில் கோல்போடா என்னும் நுண்ணுயிர்கள் சுழன்று சுழன்று நீந்துகின்றன! கோடை முழுக்கக் கூடு கட்டி உறங்கியவை, ஈரம் பட்டதும் எழுந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரே செல். உடலின் ஓரத்தில் ஒரு குமிழி மெல்லப் பெருத்து, சட்டென்று மறைகிறது. உள்ளே புகும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் வேலை அது.

அப்புறம் அந்த முருங்கைக் கட்டை. மழையில் மக்கிக் கிடந்ததன் அடியில் மஞ்சளாக ஒரு சவ்வு, நரம்பு நரம்பாக. சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, உறவெல்லாம் அமீபாவோடு. என் விரல் நீளம் இருந்த அதுவும் ஒரே செல்தான். உள்ளே உட்கருக்கள் மட்டும் ஏராளம். அதன் ஓரத்தில் ஒரு ஸ்லைடைச் செருகி, இருட்டாக மூடி வைத்தேன். விடிவதற்குள் கண்ணாடிமேல் ஊர்ந்து வந்திருந்தது.

ஃபோல்டுஸ்கோப்பில் வைத்தால் நரம்புக்குள் மணல் மணலாக ஏதோ ஓடுகிறது. வேகம் குறைகிறது, நிற்கிறது, வந்த வழியே திரும்புகிறது. நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

கையை ஆட்டாமல் பிடித்து, கட்டைவிரலால் ஃபோகஸ் செய்யப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். வெளிச்சத்துக்கு வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். சூரியனை நோக்கி மட்டும் கூடவே கூடாது. நிறமில்லாத சின்ன அமீபாக்களைப் பார்க்கப் பெரிய மைக்ராஸ்கோப்தான் வேண்டும். காந்த வளையத்தால் செல்போனை ஒட்டிவிட்டால் வகுப்பே கூடிநின்று பார்க்கலாம். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி கத்தினாள்: "டீச்சர், திரும்பிப் போகுது!"