லினக்ஸ் லெப்டொப்பில் மவுஸ் அம்பு துள்ளுகிறதா? கடையில் கொடுக்க முதல் இதைப் பாருங்கள்

மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு திருத்துமிடம். பெயர் வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகை போட்ட லெப்டொப் ஒன்று, டச்பேடில் விரல் வைத்தால் அம்பு நிற்காமல் துள்ளுகிறது என்று சொல்லி அங்கே கொடுக்கப்பட்டது. மூன்று நாளில் பில் வந்தது: டச்பேட் மாற்ற 14,500 ரூபா, விண்டோஸ் போட 3,000, சேர்விஸ் 1,500. மொத்தம் 19,000 ரூபா.

வீட்டுக்குக் கொண்டு வந்து சார்ஜரைக் குத்தியதும் அதே துள்ளல். புதிதாகப் போட்டதாகச் சொன்ன டச்பேடின் இடது கீழ் மூலையில், வருடக்கணக்காகப் பெருவிரல் பட்டுத் தேய்ந்த பளபளப்பு அப்படியே இருந்தது. பழைய பாகத்தைக் கேட்டதற்கு "அது குப்பையில போட்டாச்சு அண்ணன்" என்றார்கள். கேட்காமலே லினக்ஸை அழித்திருந்தார்கள். அதோடு வீட்டுக் கோப்புகள் எல்லாம் போய்விட்டன. ஏன் அழித்தீர்கள் என்றால், "லினக்ஸ் எண்டா இப்பிடித்தான், டிரைவர் வராது."

டிரைவரில், அதாவது டச்பேடை இயக்கும் மென்பொருளில், ஒரு பிழையும் இல்லை. பிழை சார்ஜர் வயரில்.

லெப்டொப் சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லெப்டொப் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறிய கப்பாசிட்டர் உண்டு. எர்த் இல்லாத இடத்தில் குத்தினால் அதன் வழியே கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் லெப்டொப்பின் உடலிலேயே மிதக்கும். உலோக மூடியில் கையைத் தடவும்போது மெல்லிய விறுவிறுப்புத் தெரிவது அதனால்தான். டச்பேட் வேலை செய்வதே விரல் பட்டால் ஏற்படும் மிகச் சிறிய மின்னேற்ற வித்தியாசத்தை அளந்துதான். அடியில் இந்த இரைச்சல் இருந்தால் விரல் எங்கே நிற்கிறது என்று அதற்குப் பிடிபடாது, அம்பு துள்ளும். வியர்த்த கை என்றால் இன்னும் மோசம். நம்முடைய பகுதியில் பழைய வீடுகளில் உருண்டை முனை ப்ளக் பொயின்ட்டில் அடப்டர் போட்டு, அதற்குள் 13 அம்பியர் ப்ளக்கைக் குத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த அடப்டரிலோ சுவரிலோ எர்த் விட்டுப்போயிருந்தால் கதை முடிந்தது. இந்த லெப்டொப்பில் மூன்று முனை வயருக்குப் பதிலாக யாரோ இரண்டு முனை வயர் மாட்டியிருந்தார்கள். சரியான வயரைப் போட்டு, எர்த் உள்ள பொயின்ட்டில் குத்தியதும் துள்ளல் நின்றது.

ஆகவே முதல் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பெற்றரியில் பத்து நிமிடம் பாவியுங்கள். அம்பு அடங்கினால் டச்பேடில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். வயரையும், அடப்டரையும், சுவர்ப் பொயின்ட்டையும் பாருங்கள். சுவரில் எர்த் இருக்கிறதா என்று மின்வேலைக்காரரைக் கொண்டு சோதியுங்கள்.

பெற்றரியிலும் துள்ளினால் லெப்டொப்பை மூடி, தட்டையான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேடின் விளிம்பு ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கிறதா? கிளிக் உள்ளே போகாமல் கல்லுப்போல் இருக்கிறதா? அப்படியென்றால் அடியில் இருக்கும் பெற்றரி ஊதி, டச்பேடை மேலே தள்ளுகிறது. இது விளையாட்டில்லை. உடனே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள். இந்த நிலையில் டச்பேடை மட்டும் மாற்றிவிட்டு ஊதிய பெற்றரியை உள்ளேயே விட்டுத் தருபவர் உங்கள் வீட்டில் தீ பிடிக்க வழி செய்கிறார்.

இரண்டும் இல்லையென்றால் டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலை, திறவுங்கள். கீழே வரும் கட்டளைகளை அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். லிப்இன்புட்-டூல்ஸ் (libinput-tools) என்ற பொதியை நிறுவி, "சூடோ லிப்இன்புட் டிபக்-ஈவன்ட்ஸ்" (sudo libinput debug-events) என்று கொடுத்துவிட்டு, கையை எடுத்து மடியில் வையுங்கள். யாரும் தொடாமலே "பொயின்டர் மோஷன்" (POINTER_MOTION) வரிகள் ஓடினால் ஏதோ ஒரு கருவி பொய்ச் சைகை அனுப்புகிறது. எந்தக் கருவி என்பது வரியின் தொடக்கத்தில் உள்ள ஈவன்ட் எண்ணில் இருக்கிறது. அதே எண்ணை "சூடோ லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்" (sudo libinput list-devices) பட்டியலில் தேடினால் பெயர் கிடைக்கும். டச்பேட் என்று நினைத்தது பல தடவை வேறொன்றாக இருக்கும். திங்க்பேட் வகை லெப்டொப்பில் விசைகளுக்கு நடுவே உள்ள சிவப்புக் குமிழ் அம்பைத் தானாக ஒரு பக்கம் இழுக்கும். கையை எடுத்துச் சில விநாடி விட்டால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். "டச் மோஷன்" (TOUCH_MOTION) என்று வந்தால் தொடுதிரை, பெரும்பாலும் கண்ணாடியில் வெடிப்பு. குமிழுக்கும் திரைக்கும் டச்பேடைப் பில்லில் எழுதுவது பகல் கொள்ளை.

லெப்டொப்பை மூடித் திறந்தபின் அம்பு அசையவே இல்லை என்றால் அது வேறு நோய். தூக்கத்திலிருந்து எழும்பும்போது டிரைவர் டச்பேடைத் தவறவிடுகிறது. பிஎஸ்/2 என்ற பழைய இணைப்பு வகை டச்பேட் என்றால் "சூடோ மோட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்" (sudo modprobe -r psmouse), பிறகு "சூடோ மோட்ப்ரோப் பிஎஸ்மவுஸ்" (sudo modprobe psmouse) என்று கொடுங்கள். டிரைவர் இறங்கி மறுபடி ஏறும், அம்பும் உயிர்பெறும். எந்த வகை என்று "சூடோ டிமெஸ்ஜி" (sudo dmesg) காட்டும்: பழைய வகைக்கு பிஎஸ்மவுஸ் என்றோ, ஐ2சி (i2c) என்ற புதிய இணைப்பு வகைக்கு ஐ2சி என்றோ வரியில் இருக்கும். "லொஸ்ட் சின்க்" (lost sync) என்று வந்துகொண்டே இருந்தால் பிஎஸ்/2 வழியில் தகவல் அறுந்து அறுந்து வருகிறது. ஏசர் லெப்டொப்களில் பயோஸுக்குள், அதாவது லெப்டொப் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரைக்குள், டச்பேடுக்கு பேசிக், அட்வான்ஸ்ட் என்று இரண்டு நிலை உண்டு. பேசிக் என்றால் பிஎஸ்/2, அட்வான்ஸ்ட் என்றால் ஐ2சி. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அப்டேட் போட்ட மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால் லெப்டொப் தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் போய் பழைய கேர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றுங்கள். அதில் சரியாக ஓடினால் டச்பேட் நல்லது, குற்றம் புதிய கேர்னலில். அம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கிளிக் விழுகிறது என்றால் திரை அட்டை (கிராபிக்ஸ் கார்ட்) அம்பை வரையவில்லை. கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 அழுத்தி, பிறகு அதேபோல் கொன்ட்ரோல், ஓல்டோடு எஃப்2வுக்கோ எஃப்1க்கோ திரும்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வயர் இல்லாத மவுஸ் மட்டும் இழுபட்டால் அதன் சிறு ரிசீவரை யூஎஸ்பி 3 துளையிலிருந்து தூரமாக மாற்றுங்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் அந்த மவுஸின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் விழும் என்று 2012இல் இன்டெல் நிறுவனமே எழுதி வெளியிட்டிருக்கிறது. சில விநாடி விட்டால் மவுஸ் தூங்கிவிடுகிறது என்றால், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பவர்டொப் என்ற நிரலில் ஓட்டோ-டியூன் கொடுத்தீர்களா என்று நினைவுபடுத்துங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், டச்பேடை உள்ளே இணைக்கும் ரிப்பன் வயர் கழன்றிருக்கலாம், அல்லது டச்பேட் உண்மையாகவே செத்திருக்கலாம். கொடுக்க முதல் உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு முழுவதையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். கடைத் துண்டில் "ஓஎஸ் (லினக்ஸ்) தொடக் கூடாது" என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். டச்பேடைப் போனில் கிட்டத்தில் படம் எடுங்கள், தேய்மானம், கீறல் எல்லாம் தெரியும்படி. திருப்பி எடுக்கும்போது பழைய பாகம் கையில் வர வேண்டும், சார்ஜர் குத்தி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தபின்தான் காசு. லினக்ஸ் தெரியாதவர் என்றால் 8 ஜிபி பென்ட்ரைவில் உபுண்டு போட்டுக் கொண்டுபோய் அவர் மேசையிலேயே "ட்ரை உபுண்டு"வில் ஏற்றிக் காட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் லெப்டொப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏற்கனவே அழித்துவிட்டார்கள் என்றால், "ரிக்கவரி பண்ணித் தாறம்" என்று இன்னொருவர் முற்பணம் கேட்பார். கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டி என்ற சுழலாத டிஸ்க்கை விண்டோஸ் ஃபோமட் செய்யும்போது ட்ரிம் என்ற கட்டளையையும் சேர்த்தே அனுப்புகிறது. அதன்பின் பழைய தகவலை எஸ்எஸ்டியே துடைத்துவிடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மட்டும் வாய்ப்பு உண்டு, அதுவும் மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத இடத்தில். உடனே நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, தொலைபேசி 1977. எழுத்தில் கொடுங்கள், மூன்று மாதத்துக்குள். பில், எழுதி வாங்கிய துண்டு, முன்னும் பின்னும் எடுத்த படம் மூன்றையும் இணையுங்கள். "சேர்விஸ்" என்று ஒற்றை வரியில் மொத்தத் தொகை எழுதிய பில்லை வாங்காதீர்கள். எந்தப் பாகம், என்ன இலக்கம், எவ்வளவு காலம் உத்தரவாதம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.