ரோலிங் ஸ்டோனா, மோஜோவா, தி வயரா? ஒரு சந்தாவுக்குத்தான் காசு என்றால்

ஒரே ஒரு ஆங்கில இசைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம் என்றால் எதற்குக் கட்டுவது என்று என் சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான். புது வேலை, கையில் கொஞ்சம் காசு, பழைய ராக் பாடல்கள் மேல் புதிதாகப் பிடித்த பைத்தியம். "ரோலிங் ஸ்டோன்தானே அண்ணா பெரிய பேரு, அதையே கட்டிடவா?" என்றான். போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. பல வருடமாக ரோலிங் ஸ்டோன், மோஜோ, அன்கட், தி வயர் நான்கையும் மாற்றி மாற்றி வாங்கிப் படித்தவன் நான், ஒவ்வொன்றின் மேலும் பாசமும் உண்டு, குறையும் உண்டு. அதனால் எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில், செய்திக்காக யாரும் சந்தா கட்ட வேண்டாம். யார் புது ஆல்பம் போடுகிறார்கள், எந்த ஊருக்குக் கச்சேரிக்கு வருகிறார்கள் என்பதெல்லாம் போனில் சும்மாவே வந்து விழுகிறது, மாத இதழ் கைக்கு வரும்போது அது பழைய கதை. நாம் காசு கொடுப்பது, ஒரு கலைஞரோடு நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதிய நீளமான கட்டுரைக்கு, ஒரு வகை இசையை ஆயுள் முழுக்கக் கேட்டுவந்தவர் எழுதும் விமர்சனத்துக்கு, அப்புறம் படித்து முடித்ததும் அடுத்து எதைக் கேட்பது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் பக்கங்களுக்கு. நான் எடைபோடுவது இவற்றை வைத்துத்தான்.

ரோலிங் ஸ்டோன். 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் யான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் தொடங்கியது. வென்னருக்கு அப்போது வயது 21, வீட்டாரிடமும் வருங்கால மனைவி வீட்டாரிடமும் வாங்கிய 7,500 டாலர்தான் முதல். முதல் இதழின் அட்டையில் ராணுவத் தலைக்கவசத்தோடு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன். 1977-இல் நியூயார்க்குக்கு மாறியது. இது எந்தக் காலத்திலும் வெறும் இசைப் பத்திரிகை அல்ல, அரசியலும் சினிமாவும் சரிபாதி. 2010-இல் ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கத் தளபதி மெக்கிரிஸ்டல் பதவி இழந்தது இந்தப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையால்தான். இப்படி ஒரு கட்டுரையை ஒரு இசைப் பத்திரிகை போட முடிந்தது என்பதே எனக்கு இன்றும் பெரிய விஷயம். அதே நேரம், 2014-இல் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்ததாக அவர்கள் எழுதிய பாலியல் வன்முறைக் கட்டுரை சரிபார்ப்பில் நிற்கவில்லை, கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளி ஆராய்ந்து அறிக்கை கொடுத்த பிறகு 2015 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார்கள். சந்தா கட்டப் போகிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இசைக்கு வருவோம். அவர்களின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலைப் பார்க்காத ரசிகர் குறைவு. 2003-இல் முதலிடம் பீட்டில்ஸுக்கு, 2020-இல் புதிதாக வாக்கெடுத்தபோது சோல் பாடகர் மார்வின் கேய்க்கு. 17 வருடத்தில் தங்கள் தீர்ப்பைத் தாங்களே மாற்றி எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கும். 2007-இன் சிறந்த ஆல்பமாக அவர்கள் முதலிடம் கொடுத்தது பாடகி எம்.ஐ.ஏ.வுக்கு, அதாவது ஈழத்து வேர் கொண்ட நம் மாதங்கி அருள்பிரகாசத்துக்கு. தன் அம்மாவின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்திருந்தார். ஒரு தமிழ் அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்ததைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் பட்டியல்களை இணையத்தில் படித்துவிடலாம். காகித இதழில் இசைக்கு என்று மிஞ்சுவது எனக்குப் போதவில்லை. விமர்சனங்கள் சுருக்கமாக முடிந்துவிடுகின்றன, படித்த பின் "சரி, இவரிடம் எங்கே தொடங்குவது?" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2018 நடுப்பகுதி வரை மாதம் இருமுறை வந்தது இப்போது மாத இதழ். நல்ல விஷயம், 2008-இல் சின்னதாக்கிய அளவை அப்போதே மறுபடி பெரிதாக்கினார்கள். அட்டைப்படத்துக்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு, அதில் தப்பில்லை. 1981 ஜனவரி இதழை எடுத்துப் பாருங்கள்: ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம், லென்னன் மனைவி யோகோவைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருப்பார், பத்திரிகையின் பெயரைத் தவிரத் தலைப்பு வரி எதுவுமே கிடையாது. அவர் சுடப்பட்ட அன்று, சில மணி நேரம் முன்னால் எடுத்தது.

மோஜோ. 1993-இல் லண்டனில் தொடங்கியது, முதல் இதழ் அட்டையில் டிலனும் லென்னனும். பெயரளவில் பழைய ராக் ரசிகர்களுக்கானது என்று சொல்வார்கள், ஆனால் ரெகே, சோல், ஃபோக், ஆப்பிரிக்க இசை எல்லாம் உள்ளே இருக்கும். நான் இதற்கு ஓட்டுப் போடுவது பெரிய பேட்டிகளுக்காக அல்ல, சின்னப் பகுதிகளுக்காக. ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டு அவரின் பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி, எதை முதலில் வாங்குவது, எதை அப்புறம், எதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லும் ஒரு பகுதி உண்டு. ரோலிங் ஸ்டோன் பதில் சொல்லாமல் விடும் அதே கேள்விக்கு இங்கே இரண்டு பக்கத்தில் பதில். அந்தப் பக்கங்களில் நான் பென்சிலால் டிக் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டதற்கு ஒரு டிக், பிடித்ததற்கு இரண்டு. நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியை நான் கேட்கத் தொடங்கியது அப்படித்தான். வந்தபோது யாரும் கண்டுகொள்ளாத ஆல்பம் ஒன்றைத் தோண்டி எடுத்து அதன் கதையைச் சொல்லும் பகுதியும் மாதாமாதம் உண்டு.

கடைசிப் பக்கம் இன்னொன்று. ஒரு குழுவில் இருந்தவர் அதில் சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் தன் வாயால் சொல்வார், அவ்வளவுதான், ஒரே பக்கம். இடையில் இருபது வருடம், ஹிட் பாடல்கள், சண்டை எல்லாம் இருந்திருக்கும், அதையெல்லாம் விட்டுவிட்டு வாசலில் நுழைந்ததையும் வாசலைத் தாண்டியதையும் மட்டும் கேட்கிறார்கள். இதழ் வந்ததும் நான் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம் சிடி. காகித இதழோடு ஒரு கருப்பொருளை வைத்துத் தொகுத்த சுமார் 15 பாடல்கள் கொண்ட சிடி வருகிறது, டிஜிட்டல் பதிப்பில் அது கிடையாது. சிடி போடக் கருவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். பாடல் பட்டியலைப் பார்த்து போனில் தேடிக் கேட்டாலும் அது நல்ல தொகுப்பு, ஏனென்றால் அந்த வரிசையைக் காது உள்ள ஒருவர் உட்கார்ந்து அமைத்திருக்கிறார்.

அன்கட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மோஜோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. 1997-இல் வந்தது, தொடக்கத்தில் சினிமாவும் இசையும் பாதிப் பாதி, இப்போது பெரும்பாலும் இசை. இதிலும் சிடி. ஒரு பாடல் எப்படி உருவானது என்பதை அதில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர் என்று பலர் வாயால் சொல்லவைக்கும் பகுதி அருமை. அமெரிக்கக் கிராமிய ராக் உங்களுக்கு உயிர் என்றால் மோஜோவைவிட இதுவே மேல். மற்றவர்களுக்கு இரண்டில் ஒன்று போதும், ஒரே கலைஞர் ஒரே சமயத்தில் இரண்டிலும் அட்டையில் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தி வயர் வேறு உலகம். 1982-இல் லண்டனில் ஜாஸ் பத்திரிகையாகத் தொடங்கியது, ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் லேசியின் ஒரு இசைக்கோவையிலிருந்து பெயர். கொஞ்சம் கொஞ்சமாக எலக்ட்ரானிக், நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்குவது), இம்ப்ரொவைசேஷன் (முன்கூட்டி எழுதாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது) என்று விரிந்தது. 2000-இன் கடைசியில் அதில் வேலை செய்தவர்களே அதை வாங்கிக்கொண்டார்கள், அன்றிலிருந்து சொந்தக் காலில் நிற்கிறது. அட்டையில் வருபவர்களில் பாதிப் பேரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்குத்தான் இந்தச் சந்தா. இசைக்கலைஞர் ஒருவரை உட்காரவைத்து, யாருடையது என்று சொல்லாமல் ஒவ்வொரு பாடலாகப் போட்டுக் கருத்துக் கேட்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. நேரடியாகக் கேட்டால் சொல்லாத விஷயங்கள் அப்போது தானாக வரும். தான் பதினைந்து வயதில் கேட்ட பாடல் காதில் விழுந்ததும் பேட்டி அப்படியே திசை மாறும், குரு யார், யாரைப் பார்த்துப் பயந்தோம், எதைத் திருடினோம் என்று மனம் திறப்பார்கள்.

இதன் எழுத்து சில நேரம் இறுக்கமாக இருக்கும், ஒரு பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டி வரும். ஆனால் எந்தச் சந்தா எடுத்தாலும் 1982 முதல் வந்த எல்லா இதழ்களையும் இணையத்தில் படிக்கலாம். ஜாஸ் கலைஞர்கள் அலிஸ் கோல்ட்ரேன் பற்றியோ சன் ரா பற்றியோ தேடினால் 40 வருட எழுத்து கையில் இருக்கிறது. ஒரு மாதம் புது இதழ் உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் காசு வீணாவதில்லை.

இனி இந்தியாவிலிருந்து கட்டுகிறவர்களுக்கு. அமெரிக்கப் பத்திரிகைகள் உள்ளூர்ச் சந்தாவை அடிமட்ட விலைக்குக் கொடுக்கும், விளம்பரத்தில் அதை எடுத்துவிடும். அந்த விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், வெளிநாட்டுத் தபாலைச் சேர்த்ததும் கணக்கே மாறும். பெரும்பாலான கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன: 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் எடுக்கக்கூடிய தொகையின் வரம்பு 2022-இல் 5,000-லிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. இதனால் வெளிநாட்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோவதும் உண்டு, முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

எனக்கு ஒரு முறை நேர்ந்தது இதற்கு நேர்மாறு, அந்த விதி வருவதற்கு முந்தைய கதை. ஒரு பத்திரிகையின் சந்தாவை மின்னஞ்சல் எழுதி நிறுத்தினேன், பதிலும் வந்தது, இரண்டு மாதம் கழித்து கார்டில் முழு ஆண்டுத் தொகையும் போயிருந்தது. திரும்ப வாங்க ஆறு வாரம் ஆனது. நிறுத்தியதற்கான உறுதிக் கடிதத்தை நான் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் கிடைத்தது. காகித இதழ் தாமதமாவதும் உண்டு. டிசம்பர் இதழ் எனக்குப் பிப்ரவரியில் வந்திருக்கிறது, ஒன்றிரண்டு வழியிலேயே காணாமல் போயின, எழுதிக் கேட்டபோது மறுபடி அனுப்பினார்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். 1952-இலிருந்து வந்துகொண்டிருந்த என்.எம்.இ வார இதழ் 2015-இல் இலவசப் பத்திரிகையாகி, 2018 மார்ச்சில் காகிதப் பதிப்பையே நிறுத்தியது, பிறகு 2023-இல் வேறு வடிவில் திரும்ப வந்தது. 1986-இல் தொடங்கி ஒரு தலைமுறைக்கே இசை சொல்லிக்கொடுத்த க்யூ பத்திரிகை 2020 ஜூலையில் மூடப்பட்டது, அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரு ஆண்டுக்கு மட்டும் கட்டுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பழைய ராக்கில் இறங்கப் போகிறாய், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அப்படியானால் மோஜோ, காகிதப் பதிப்பு, ஒரு வருடம். தபால் செலவு கையைக் கடித்தால் அதன் டிஜிட்டல் பதிப்பு, சிடி இல்லாமல். இசையோடு அமெரிக்க அரசியலும் சினிமாவும் படிக்கிற ஆள் என்றால் ரோலிங் ஸ்டோன். கேட்டதையே கேட்டு அலுத்துவிட்டது என்று தோன்றும் நாளில் தி வயர் டிஜிட்டல். அவன் இன்னும் ரோலிங் ஸ்டோன் பக்கமே சாய்கிறான், அட்டைப்படம் அப்படி. என் மோஜோ இதழ்களில் ஐந்தாறை ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன், டிக் போட்ட பக்கங்களோடு.