மலைப்பாதைப் பழைய பாலம்: பலப்படுத்துவதா, இடித்துக் கட்டுவதா?

மேட்டுப்பாளையம் பக்கமிருந்து நீலகிரிக்கு ஏற இரண்டு சாலைகள்தான். ஒன்று குன்னூர் வழி, இன்னொன்று கோத்தகிரி வழி. ஒன்றில் ஒரு பாலத்தை மூடினால் போதும், காய்கறி லாரி, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் மற்றதில் வந்து முட்டும். அதனால் 'பழசாகிவிட்டது, இடித்துவிடலாம்' என்று இங்கே சட்டென்று சொல்லிவிடக் கூடாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரம் உறுதியாக இருந்தால் பலப்படுத்த வேண்டும். ஓடை அடிமண்ணை அரித்திருந்தாலோ, வெள்ளம் போகப் பாலத்தின் அடியில் வழி போதாவிட்டாலோ தயங்காமல் இடிக்க வேண்டும்.

கடலோரப் பாலங்களைக் கெடுப்பது உப்பு. மலையில் அந்த வேலையைத் தண்ணீரும் காற்றும் செய்கின்றன. நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம், அதுதான் உள்ளிருக்கும் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அப்புறம் ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் மேலிருக்கும் கான்கிரீட் பிளந்து விழும். பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தால் எல்லாம் தெரியும். ஸ்லாப்பின் அடியில் சுண்ணாம்பு வழிந்த வெள்ளைக் கோடுகள், நடுநடுவே துருக்கறை. சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்கும், கெட்ட இடம் பொத்தென்கும். ஒரு துண்டைப் பெயர்த்த இடத்தில் பினாப்தலீன் என்ற, காரம் பட்டால் நிறம் மாறும் திரவத்தைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. அந்த நிறம் மாறாத பகுதி கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்பதை அளக்காமல் மதிப்பீடு போடுவது வீண்.

பலப்படுத்தும் வழிகளில் பழகியது ஜாக்கெட்டிங். கெட்டதைச் செதுக்கி எடுத்து, கம்பியைத் துருப்போகத் தேய்த்து, புதுக் கம்பி கட்டிச் சுற்றிலும் கான்கிரீட் போடுவார்கள். உள்ளூர் ஆட்களுக்குக் கைவந்த வேலை, ஈரத்துக்கும் அஞ்சாது. குறை, எடை. 10 செ.மீ. தடிமன் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 250 கிலோ ஏற்றும். தூணுக்கு இது ஏற்றது. ஸ்லாப்பைத் தாங்கும் உத்தரமான கர்டருக்கு நான் யோசிப்பேன்.

கர்டருக்குக் கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டலாம். எடை ஏறக்குறைய இல்லை, இழுவிசையில் கம்பியைவிடப் பல மடங்கு பலம், போக்குவரத்தையும் நீண்ட நாள் நிறுத்த வேண்டாம். ஆனால் அதை ஒட்டும் எபாக்சிக்குக் காய்ந்த பரப்பு வேண்டும், குளிரில் அது இறுக வெகுநேரம் எடுக்கும். மலையடிவாரத்தில் கல்லாறு பக்கம் வெயிலில் சுலபமாக முடிகிற இதே வேலை, 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியின் ஜனவரி உறைபனியில் படுத்தி எடுக்கும். இன்னொன்று, உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்க மேலே ஒட்டிவிட்டால் நோய் மறையுமே தவிர நிற்காது.

மூன்றாவது, கர்டருக்கு வெளியே எஃகுக் கேபிள் கட்டி விறைப்பாக இழுத்து வைப்பது. மற்ற இரண்டும் மேலே புதிதாகப் பாரம் ஏறும்போதுதான் தோள் கொடுக்கும். இது இழுத்த அன்றே பாரத்தைத் தாங்கத் தொடங்கி விரிசலையும் இறுக்கும். நேரான, நீளமான பாலத்துக்கு எனக்கு இதுதான் பிடித்தம். கேபிள் முனையைப் பிடிக்கும் இடத்தில் கான்கிரீட் திடமாக இருக்க வேண்டும். வளைவில் நிற்கும் பாலத்துக்கு இது தோதாக வராது, நம் சாலைகளில் வளைவுக்கா பஞ்சம்?

சரி, எப்போது இடிப்பது? 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் ஓடையில் தண்ணீர் மட்டுமா வரும், பாறையும் மரமும் சேர்ந்து வரும். தண்ணீர் போகும் கண் சிறுத்த பழைய பாலம் அதை அடைத்துக்கொண்டு அணையாகிவிடும், கடைசியில் கரைச் சாலையும் போகும். எந்தக் கார்பன் ஃபைபரும் அந்தக் கண்ணை அகலமாக்காது. அங்கே உயர்த்தி, அகலமான கண்ணோடு புதிதாகக் கட்டுவதுதான் வழி. ஆனால் அஸ்திவாரத்துக்காகச் சரிவைத் தோண்டினால் மேலிருக்கும் மண் இறங்கும், கல்லாறு போல யானை கடக்கும் இடங்களில் இரவு வேலைக்கும் இடமில்லை. இதையெல்லாம் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இடிக்கும் நாட்களில் போக்குவரத்துக்குப் பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சீக்கிரம் அமைக்கும் தற்காலிகப் பாலம், போடலாம். 2024 வயநாடு நிலச்சரிவில் ராணுவம் சூரல்மலையில் 190 அடிக்கு, 24 டன் தாங்கும்படி அதை அமைத்து ஆகஸ்ட் 1 அன்று முடித்தது. சரக்கேற்றிய பத்துச் சக்கர லாரி 28 டன் வரை இருக்கும், ஆகவே அந்த அளவுப் பாலத்தில் அதை விட முடியாது.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் பழைய தாரைச் சுரண்ட வேண்டும். 30 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலப் பாலத்தில் 5 செ.மீ. தார் போட்டால் சுமார் 26 டன். சுரண்டாமல் போடும் ஒவ்வொரு அடுக்கும் அதே லாரி ஒன்று இரவும் பகலும் மேலேயே நிற்பதற்குச் சமம். கூடவே பாலம் வெயிலில் நீள இடம் விட்டு வைக்கும் இணைப்பான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் கிழிந்திருந்தால் மாற்றி, இலையும் மண்ணும் அடைத்த வடிகுழாயைத் திறக்க வேண்டும். தண்ணீர் இறங்குவதே அந்த வழியாகத்தான். டெண்டர் கார்த்திகைக்குள் முடிந்தால்தான் தை, மாசி, பங்குனி வேலைக்குக் கிடைக்கும். சித்திரையில் சீசன் கூட்டம் ஏறிவிடும்.