கயாக்கின் வயிற்றுக்குள் மிதவை: பூல் நூடுலும் காற்றுப்பையும் ஓராண்டுப் பயன்பாட்டில்

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கொடுவா தேடிப் போயிருந்த ஒரு காலையில், 12 அடி நீளமுள்ள என் மீன்பிடிக் கயாக் (துடுப்பால் ஓட்டும், உட்புறம் கூடாக உள்ள பிளாஸ்டிக் படகு) வழக்கத்தை விட மந்தமாக நகர்கிறது என்று முதலில் தோன்றியது. எதிர்நீரோட்டமாக இருக்கும் என்று எண்ணி மேலும் அரை மணி நேரம் துடுப்பு வலித்தேன். பிறகு தூண்டிலை எடுக்கத் திரும்பியபோது கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அப்போதுதான் உட்காரும் தளத்துக்கு அடியில், அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடந்தால் கேட்குமே, அந்தத் தளும்பல் சத்தம் காதில் விழுந்தது. கரையில் இழுத்துப்போட்டு வடிகால் அடைப்பானைத் திறந்துவிட்ட பின், தண்ணீர் ஓடி முடியப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. தளத்தில் விழும் தண்ணீர் கீழே வடிவதற்கான ஸ்கப்பர் துளைகளில் பின்பக்கத்தில் உள்ள ஒன்றின் உட்சுவரில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. கயாக்கைத் தள்ளிச் செல்லும் தள்ளுவண்டியின் இரும்புக் கம்பிகள் அந்தத் துளையில்தான் செருகப்படுகின்றன. மணலிலும் கல்லிலும் ஏற்றியிறக்கும் ஒவ்வொரு தடவையும் அவை அந்த இடத்தைத் தேய்த்து வந்திருக்கின்றன.

விரிசலை அடைத்தாயிற்று. ஆனால் ஹேட்ச் எனப்படும், கயாக்கின் உட்புறத்துக்குக் கை விடும் திறப்பின் மூடியில் உள்ள ரப்பர் வளையம், தூண்டில் தாங்கிக்காகப் போட்ட திருகாணித் துளைகள், மீன் காட்டும் கருவியின் கம்பி நுழையும் ஓட்டை என்று தண்ணீருக்கு இன்னும் பத்து வழிகள் இருக்கின்றன. ஆகவே தண்ணீர் புகுந்துவிட்ட பிறகும் கயாக் என்னைக் கைவிடாமல் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தில், அதன் உட்புறத்தில் மிதவைப் பொருள்களை அடைத்து ஓராண்டு பயன்படுத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். பூல் நூடுல் எனப்படும், நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழல் ஒன்று. வாயால் ஊதிக் கட்டும் காற்றுப்பை மற்றொன்று. இரண்டையும் என் கைக்காசில் வாங்கினேன்.

பாலித்தீன் கயாக் மூழ்காது என்று விற்பவர்கள் சொல்வது அரை உண்மை. பாலித்தீன் தண்ணீரை விட இலேசானது என்பது சரிதான், ஆனால் மிகச் சிறிய அளவிலேயே இலேசானது. 34 கிலோ எடையுள்ள என் கயாக்கின் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் நிறைந்துவிட்டால், அந்தப் பிளாஸ்டிக்கே கடல்நீரில் தரும் உபரி மிதப்பு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் இராது. ஒரு சிறிய மடக்கு நங்கூரமும் மீன் காட்டும் கருவியின் பேட்டரியும் சேர்ந்தாலே அந்தக் கணக்கு தீர்ந்துபோகும். மேலும், கயாக் சமமாகக் கிடந்து தாழ்வதில்லை. தண்ணீர் ஒரு முனைக்கு ஓட, அமரம் எனப்படும் பின்பகுதி கீழே போய், அணியம் எனப்படும் முன்பகுதி மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அந்த நிலையில் அதன்மேல் ஏறவும் முடியாது, இறைக்கவும் முடியாது, இன்னொரு படகு கட்டி இழுக்கவும் முடியாது. நம் கரையோரத்துக் கட்டுமரத்துக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. கயிற்றால் பிணைத்த மரத்துண்டுகளின் இடுக்கு வழியே தண்ணீர் ஏறும், இறங்கும். மூழ்குவதற்கு அதற்கு வயிறே கிடையாது. நாம் வாங்கும் கயாக்குக்கு வயிறு உண்டு, அதை நாம்தான் நிரப்பியாக வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள் 20 அடிக்கும் குறைவான படகுகளுக்கு உள்மிதவையைக் கட்டாயமாக்கியிருந்தாலும், கயாக்குகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்திருக்கின்றன. எனவே வெளிநாட்டுக் கயாக் என்பதாலேயே உள்ளே மிதவை இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், ஹேட்சைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள்.

இனி நூடுல். நான் வாங்கியது 150 சென்டிமீட்டர் நீளமும் ஆறரை சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்டது, நடுவில் விரல் நுழையும் துளை உள்ளது. கணக்குப் போட்டால் ஒன்றின் கன அளவு சுமார் 4.5 லிட்டர், ஒரு லிட்டர் இடத்தை அடைத்தால் ஒரு கிலோ மிதப்பு என்ற பழைய கணக்கின்படி, அதன் சொந்த எடை போக, ஒரு நூடுல் நான்கு கிலோவுக்குச் சற்று மேல் தாங்குகிறது. பதினான்கு வாங்கினேன், ஆக 63 லிட்டர். இதில் நான் மிகவும் மதிப்பது என்னவென்றால், மூடிய கண்ணறைகள் கொண்ட நுரை என்பதால் இது வெட்டினாலும் குத்தினாலும் மிதப்பை இழப்பதில்லை. தூண்டில் முள் குத்திய ஒரு துண்டை இரண்டு வாரம் தண்ணீர்த் தொட்டியில் கல் வைத்து அமிழ்த்திப் பார்த்தேன். எடுத்துத் துடைத்தபோது எடையில் வேறுபாடு தெரியவில்லை.

அடைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. எட்டு அங்குல ஹேட்ச் வழியாக ஒவ்வொன்றாக நுழைத்து, துடுப்பின் கைப்பிடியால் அணியத்தின் நுனி வரை தள்ள வேண்டும். நுரை பிளாஸ்டிக்கில் உரசிக் கிறீச்சிட்டுக்கொண்டு பாதி வழியில் மடங்கி நின்றுவிடும். சோப்புத் தண்ணீரைத் தடவியதும் சுலபமாக வழுக்கிப் போயிற்று. எங்கே வைப்பது என்பதில் நான் முதலில் பெரிய தவறு செய்தேன். எளிதாக இருந்ததால் எல்லாவற்றையும் அடித்தளத்தில் பரப்பிவிட்டேன். மிதவை எப்போதும் மேலே வரப் பார்க்கும் பொருள். அதைக் கீழே வைத்தால், தண்ணீர் நிறைந்த கயாக்கைக் கவிழ்த்துவிட்டுத் தான் மேலே வரப் பார்க்கும். பிறகு எல்லாவற்றையும் உருவி, மும்மூன்றாகப் பட்டையால் கட்டி, இரு விளிம்புகளையும் ஒட்டி, மேல்தளத்துக்கு அடியில், உயரத்தில் நிற்கும்படி மீண்டும் வைத்தேன். அடியில் ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டதால் வடிகாலுக்குத் தண்ணீர் தடையின்றி வருகிறது.

காற்றுப்பை இதற்கு நேர் எதிரான குணமுடையது. சுருட்டி நுழைத்தால் ஒரே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. நீண்ட குழாயை ஹேட்ச் வாயில் வைத்து ஊதினால், நூடுல் எட்டாத கூம்பு முனையின் மூலை வரை தானாகப் பரவி அடைத்துக்கொள்கிறது. இரண்டு பைகளும் சேர்ந்து ஏறக்குறைய 55 லிட்டர். விலைதான் உறுத்துகிறது: பதினான்கு நூடுலுக்கும் ஆன செலவை விட ஒரு ஜோடிப் பைக்கு எனக்கு அதிகம் ஆயிற்று. நம் ஊர் வெயில் இன்னொரு பிரச்சினை. அதிகாலைக் குளிர்ச்சியில் இறுக ஊதிய பையை அடைத்த கயாக்கைக் கார் கூரையில் கட்டி நண்பகல் வரை நிறுத்தினால், உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தொடும்போது காற்று 11 சதவீதம் வரை விரியப் பார்க்கும். சித்திரை மாதத்தில் ஒரு நாள் ஹேட்சைத் திறந்தபோது, பையின் விளிம்போரம் சீறும் ஒலி மெல்லியதாகக் கேட்டது. வெப்பத்தால் ஒட்டிய அந்த ஓரம் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. விற்ற நிறுவனம் அது உத்தரவாதத்தில் அடங்காது என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பியது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிட்டேன், ஆனால் அன்று முதல் முக்கால் பங்குக்கு மேல் ஊதுவதில்லை, கரை ஏறியதும் வால்வைத் திறந்துவிடுகிறேன். பையை உள்ளே ஏதேனும் கொக்கியில் கட்டியும் வைக்க வேண்டும். கட்டாத பை, ஹேட்ச் மூடி கழன்ற கணத்தில் வெளியே மிதந்து வந்துவிடும்.

தெர்மாகோலைப் பலர் பரிந்துரைத்தார்கள். அது மணிமணியாக உதிர்ந்து வடிகாலை அடைக்கும், பெட்ரோல் பட்டால் கரையும், ஆண்டுக்கணக்கில் நீரில் கிடந்தால் நீரை உறிஞ்சும். தெளிக்கும் பாலியூரித்தேன் நுரையை எவரும் கயாக்குக்குள் ஊற்ற வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். விரியும்போது சுவரைப் பிதுக்கிவிடும், பின்னர் விரிசல் விட்டால் உள்ளிருந்து அடைக்கக் கை நுழையாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் சோதனை. மார்கழிக்குப் பின் வாடை அடங்கிய ஒரு காலையில், இடுப்பளவு நீரில், நண்பர் ஒருவர் பக்கத்தில் நிற்க, இரண்டு ஹேட்சுகளையும் திறந்து வாளியால் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். மிதவை ஏதும் இல்லாதபோது அமரம் மணலில் தட்டி நின்றது, அணியம் முழங்கை நீளத்துக்கு வெளியே தெரிந்தது. நூடுல்களை மட்டும் வைத்தபோது கயாக் சமமாகக் கிடந்தது, விளிம்புகள் மூன்று விரல் உயரம் வெளியே நின்றன. அதன் குறுக்கே படுத்துக் காலை உதைத்துக் கரைக்கு வர முடிந்தது, ஆனால் ஏறி உட்கார்ந்தால் தளம் தண்ணீருக்குள் போயிற்று. நூடுலும் பையும் சேர்ந்தபோது, 74 கிலோ எடையுள்ள நான் உட்கார்ந்து, தொடை வரை நனைந்தபடி, மெதுவாகத் துடுப்பு வலிக்க முடிந்தது. அதை விட எனக்கு வியப்பளித்தது வேறு: உள்ளே புகும் தண்ணீரின் அளவே 118 லிட்டர் குறைந்துவிட்டதால், மிஞ்சிய தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் பாய இடமில்லாமல், கயாக் அலைமோதாமல் நின்றது. அந்த முதல் நாள் என்னைப் பயமுறுத்தியது தண்ணீரின் எடையை விட அந்தப் பாய்ச்சல்தான். கையால் இறைக்கும் பம்பும் இப்போது பாதி நேரத்தில் வேலையை முடிக்கிறது.

ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்பவர்கள் நூடுலையே வாங்குங்கள் என்பேன். பழுதாவதற்கு அதில் எதுவுமில்லை, கயாக் வருடம் முழுவதும் மொட்டை மாடியில் கிடந்தாலும் கவனிப்புத் தேவையில்லை. கடலுக்குள், குறிப்பாகக் கோவளத்துக்கு வெளியே பிற்பகல் கொண்டல் காற்று எழும் நேரம் வரை தங்குபவர்கள், முனைகளுக்குப் பையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இவை கயாக்கைத் தாங்கும் பொருள்கள். ஆளைத் தாங்குவது உடம்பில் இறுகக் கட்டிய லைஃப் ஜாக்கெட்டுதான், அதைக் கழற்றி ஹேட்சுக்குள் போட்டுவிட்டுச் செல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஓராண்டு முடிவில் நூடுல்களை வெளியே எடுத்துப் பார்த்தேன். பட்டை இறுகிய இடங்களில் நுரை சற்றே அமுங்கியிருந்தது, இரண்டில் உப்புக்கறை படிந்திருந்தது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பட்டைகளை ஒரு துளை தளர்த்தி, திரும்ப அதே இடத்தில் அடைத்துவிட்டேன்.